நகராட்சியிடம் இருக்கும் நம் காகிதங்கள்: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் ஆயா (பாட்டி) வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அதில் பிஸ்கட் இருந்து நான் பார்த்ததில்லை, லைட்டு, தண்ணி பில்கள்தான் வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி இருக்கும். மாதம் தவறாமல் கட்டியவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு மாதம் திடீரென்று வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகத் தண்ணி பில் வந்தபோது, மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்தோம், மூன்று முறையும் "கணினி அப்படித்தான் காட்டுகிறது" என்ற பதிலோடு திரும்பினோம். நான்காவது முறை விளக்கம் கேட்கவில்லை. கணினி காட்டுவதை அச்சடித்துத் தாருங்கள் என்று, அரசு அலுவலகங்களிடம் தகவல் பெறும் சட்டப்படி எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்துதான் நான் இந்தச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் உறவிலும் கோயிலிலும் என்னிடம் கேட்டவர்களின் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த உரிமை எங்கிருந்து வருகிறது?

அரசியலமைப்பிலிருந்தே வருகிறது. 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவு, அரசிடம் இருக்கும் எந்தத் தகவலையும் பெற எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. அரசு என்றால் பிரிட்டோரியாவில் இருக்கும் மத்திய அரசு மட்டுமில்லை, உங்கள் வார்டில் தெருவிளக்கு மாட்டும் நகராட்சியும் சேர்த்துத்தான். அந்த உரிமையை நடைமுறையில் எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல வந்தது 2000-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சட்டம். தகவல் பெறுவதை ஊக்குவிக்கும் சட்டம் என்று தமிழில் சொல்லலாம், ஆனால் அலுவலகங்களில் எல்லோரும் சுருக்கமாகப் 'பையா' (PAIA) என்றுதான் சொல்வார்கள், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். 2001 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்த நாட்டில் நம்மைப் பற்றி எழுதி வைத்த கோப்புகள் எத்தனை, நம்மை எங்கே குடியிருக்க விடலாம், எங்கே விடக்கூடாது என்று முடிவு செய்த தாள்கள் எத்தனை, அவற்றில் ஒன்றையாவது நம் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்களா என்று யோசித்தால் இந்தப் பிரிவின் அருமை புரியும்.

இந்தியாவில் இருக்கிற ஆர்.டி.ஐ. மாதிரிதானா?

அடிப்படை ஒன்றுதான், இரண்டு பெரிய வித்தியாசம் உண்டு. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கானது. இங்கே யார் வேண்டுமானாலும் கேட்கலாம், குடியுரிமை இல்லாதவரும் கேட்கலாம். இன்னொன்று, நம் சட்டத்தில் தனியார் நிறுவனத்திடமும் ஆவணம் கேட்க வழி இருக்கிறது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எதற்காகக் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டுமா?

நகராட்சியிடம் கேட்கும்போது வேண்டாம். சட்டத்தின் 11-ஆம் பிரிவு, கேட்பவர் சொல்லும் காரணமோ, இதுதான் காரணமாக இருக்கும் என்று அலுவலர் நினைப்பதோ உங்கள் உரிமையைப் பாதிக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. கவுன்டரில் இருப்பவர் "எதுக்கு இது உங்களுக்கு?" என்று கேட்டால் கோபப்பட வேண்டியதில்லை, பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. படிவத்தில் எந்த உரிமைக்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு பகுதி வரும், பலர் அங்கேதான் மலைத்து நின்றுவிடுகிறார்கள். அந்த நிபந்தனை தனியாரிடம் கேட்பவர்களுக்கு உரியது. நகராட்சிக்கு எழுதும்போது "பொது அமைப்பு, 11-ஆம் பிரிவு" என்று ஒரு வரி போட்டால் போதும்.

எல்லாவற்றுக்கும் படிவம் போடத்தான் வேண்டுமா?

இல்லை, இது முக்கியம். படிவம் போட்டு முப்பது நாள் காத்திருந்து வாங்கும் தாள் பல சமயம் ஏற்கனவே பொதுவில் கிடப்பதாகவே இருக்கும்.

நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் என்று 2003-இல் ஒன்று வந்தது. அதன் 75-ஆம் பிரிவின்படி வரவுசெலவுத் திட்டம், அது சார்ந்த கொள்கைகள், ஆண்டறிக்கை, மேலதிகாரிகளின் செயல்திறன் ஒப்பந்தங்கள், குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கொள்முதல் ஒப்பந்தங்கள், நீண்டகாலக் கடன் ஒப்பந்தங்கள் எல்லாம் நகராட்சியின் இணையதளத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே சட்ட மீறல், அதை எழுத்தில் சுட்டிக்காட்டலாம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்குக் குறைந்தது 90 நாள் முன்னால் வரைவு வரவுசெலவு நகர மன்றத்துக்கு வந்துவிட வேண்டும், அப்புறம் பொதுமக்கள் கருத்துக் கேட்க வேண்டும். ஆக, உங்கள் தெரு வடிகாலுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க நல்ல நேரம் ஏப்ரல், மே. ஜூலையில் போய்க் கேட்டால் பணம் பிரித்து முடிந்திருக்கும்.

வீட்டு மதிப்புப் பட்டியலும் அப்படித்தான். 2004-ஆம் ஆண்டுச் சொத்து வரிச் சட்டப்படி புதிய மதிப்பீட்டுப் பட்டியலைக் குறைந்தது 30 நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். உங்கள் வீட்டை மட்டுமில்லை, பக்கத்து வீட்டையும் அதே அளவுள்ள எதிர்த்த வீட்டையும் பார்க்கலாம். அதுதான் ஆட்சேபத்துக்கே அடிப்படை. மன்றக் கூட்டங்களும் விதிப்படி பொதுமக்களுக்குத் திறந்தவைதான், குறிப்பிட்ட விஷயங்களுக்கு மட்டும் மூடலாம்.

ஒவ்வொரு பொது அமைப்பும் ஒரு கையேடு வைத்திருக்க வேண்டும் என்றும் பையா சொல்கிறது, எந்தெந்த ஆவணங்கள் தங்களிடம் இருக்கின்றன, எவற்றை விண்ணப்பமே இல்லாமல் தருவார்கள் என்று அதில் இருக்கும். முதலில் அந்தக் கையேட்டைப் படியுங்கள். படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் தாள்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன என்று அங்கேதான் தெரியும், அந்தப் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, படிவம் எது? யாரிடம் கொடுப்பது?

2021 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி படிவம் 2. பழைய படிவங்கள் இன்னும் சில இடங்களில் சுற்றுகின்றன, அதை நிரப்பித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு, ஆகவே புதியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகராட்சியில் தகவல் அலுவலர் என்று சட்டம் சொல்வது நகராட்சி மேலாளரை, டர்பன் மாதிரிப் பெருநகரத்தில் சிட்டி மேனேஜர் என்பார்கள். அவருக்குக் கீழே துணைத் தகவல் அலுவலர்கள் இருப்பார்கள், நடைமுறையில் உங்கள் தாளைக் கையில் எடுப்பவர் அவர்களில் ஒருவர்தான்.

அடையாள அட்டையின் நகலை இணைக்க வேண்டும். வேறொருவருக்காகக் கேட்கிறீர்கள் என்றால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் வேண்டும். ஆயாவுக்காக நான் போட்டபோது முதலில் இதை விட்டுவிட்டேன், இரண்டு வாரம் வீணாகிவிட்டது.

டர்பனில் இருப்பவர்கள் நகராட்சியின் சேவை மையமான சிசாகாலா மையத்தில் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பில் விஷயத்துக்கு அது சரி, ஆனால் பையா விண்ணப்பம் கையேட்டில் போட்டிருக்கும் முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ போக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் தேதி தானாகப் பதிவாகும். கையில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதி முத்திரையும் வாங்கியவர் கையெழுத்தும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். பின்னால் வரும் எல்லாக் கெடுவுக்கும் அந்த ஒரு தேதிதான் அடிப்படை. தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் கவலை வேண்டாம், 14 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

என்ன எழுதிக் கேட்பது? எப்படிக் கேட்டாலும் மழுப்பலாகத்தான் பதில் வருகிறது.

அதிகம் பேர் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பையா சட்டம் தருவது பதிவுகளை. விளக்கத்தை அல்ல. "எங்கள் பில் ஏன் இவ்வளவு?" என்று எழுதினால் அது கேள்வி, அதற்குப் பதில் சொல்ல இந்தச் சட்டப்படி யாருக்கும் கடமை இல்லை. "எங்கள் தெரு ஏன் இன்னும் குண்டும் குழியுமாக இருக்கிறது?" அதுவும் அப்படித்தான். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் அதைக் கவுன்சிலரிடம் காட்டுங்கள். படிவத்தில் எழுத வேண்டியது அந்த முடிவு எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தத் தாளின் பெயரை.

ஆயா வீட்டு விஷயத்தில் நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி: இன்ன கணக்கு எண், இன்ன மீட்டர் எண். கடந்த 36 மாதங்களுக்கான மீட்டர் அளவீட்டு வரலாறு, ஒவ்வொரு அளவீடும் நேரில் எடுத்ததா, மதிப்பீடா என்ற குறிப்புடன். அந்த மீட்டர் தொடர்பாகப் பதிவான புகார்கள், பழுது பார்த்த வேலை உத்தரவுகள், மீட்டர் மாற்றியிருந்தால் அதற்கான தாள். அவ்வளவுதான், அரைப் பக்கம்கூட வரவில்லை.

வந்தது மூன்று பக்கம். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. தொடர்ந்து ஏழு மாதம் யாரும் வந்து மீட்டரைப் பார்க்கவே இல்லை, ஏழு வரிக்கும் எதிரே மதிப்பீடு என்றே இருந்தது. எட்டாவது மாதம் ஒருவர் வந்து எடுத்த எண்ணில் ஒரு இலக்கம் கூடுதல். வாசலுக்குப் பக்கத்தில் குழாயடியில் இருக்கும் அந்த மீட்டர்ப் பெட்டியின் மூடியைத் தூக்கினால் கறுப்பு எண்கள் சில, சிவப்பு எண்கள் சில தெரியும். கறுப்பு கிலோலிட்டர், சிவப்பு அதற்குக் கீழ்ப்பட்ட லிட்டர் கணக்கு. வந்தவர் ஒரு சிவப்பு எண்ணையும் கறுப்போடு சேர்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆயா சொல்லச் சொல்ல யாரும் நம்பாததை அவர்களுடைய தாளே சொல்லிவிட்டது.

இன்னொன்று, எல்லாவற்றையும் கொடு என்று கேட்காதீர்கள். "2010 முதல் இன்றுவரை சாட்ஸ்வர்த் சாலைகள் தொடர்பான அனைத்து ஆவணங்களும்" என்று கேட்டால் அலுவலகத்தின் வேலையே முடங்கும் என்று சொல்லி 45-ஆம் பிரிவின் கீழ் மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். தெருவின் பெயர், காலம், தாளின் வகை மூன்றையும் போடுங்கள். எது வேண்டும் என்று சரியாகத் தெரியவில்லையா? 19-ஆம் பிரிவின்படி விண்ணப்பத்தைச் சரியாக எழுத உதவுவது தகவல் அலுவலரின் கடமை, அதுவும் இலவசமாக. அதைச் சொல்லியே உதவி கேளுங்கள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. தமிழில் கேட்கலாமா?

எழுதப் படிக்கத் தெரியாதவரும் உடல்குறையால் எழுத முடியாதவரும் வாயால் கேட்கலாம். அலுவலர் அதைப் படிவத்தில் எழுதி, ஒரு நகலையும் கையில் தர வேண்டும், இது 18-ஆம் பிரிவில் இருக்கிறது. எத்தனையோ அலுவலகங்களில் முன் மேசையில் இருப்பவருக்கே இது தெரிவதில்லை, பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

தமிழ் விஷயத்தில் நிலைமை வேறு. தமிழ் இங்கே ஆட்சி மொழி இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவில் தமிழின் பெயர் எழுதப்பட்டே இருக்கிறது, இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது, கிரேக்கம், ஜெர்மன், போர்த்துகீசியத்தோடு சேர்த்து, மொழி வாரியம் வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக. அந்த ஒரு சொல்லை அங்கே பார்க்கும்போது எனக்கு இன்னமும் நெஞ்சு நிறையும். ஆனால் அதை வைத்துத் தமிழில் பதில் கேட்க முடியாது. வீட்டில் ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று டர்பனில் அரிது, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

2021 விதிகளின்படி பொது அமைப்புக்கு விண்ணப்பக் கட்டணம் 100 ரான்ட், நகலுக்கு ஏ4 பக்கம் ஒன்றுக்கு 1.50 ரான்ட். உங்களைப் பற்றிய தகவலையே நீங்கள் கேட்டால் விண்ணப்பக் கட்டணம் கிடையாது, ஆயாவின் கணக்கு விவரம் அப்படித்தான் வந்தது. தேடிப் பிடித்து எடுக்கும் நேரத்துக்கும் கட்டணம் போடலாம், முதல் மணி நேரத்துக்குப் போடக்கூடாது. வேலை பெரிதென்றால் முன்பணம் கேட்பார்கள், அது மொத்தக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. வருமானம் மிகக் குறைவானவர்களுக்குப் பதிவைப் பெறும் கட்டணத்தில் விலக்கும் உண்டு, ஆனால் 2005-இல் வகுத்த அந்த வரம்பு தனியாளுக்கு ஆண்டுக்கு 14,712 ரான்ட். இன்றைய விலைவாசியில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாருக்கு உதவி செய்ய முடியும்? அதை உயர்த்த வேண்டும்.

பணம் குறைவென்றால் நகல் கேட்காமல், நேரில் வந்து பார்வையிடுகிறேன் என்று படிவத்தில் குறியுங்கள். நூறு பக்கக் கோப்பில் உங்களுக்கு வேண்டியது நான்கு பக்கமாக இருக்கலாம்.

எத்தனை நாளில் பதில் வர வேண்டும்? வரவே இல்லையென்றால்?

30 நாள். ஆவணம் அதிகம், வேறு ஊரில் இருக்கிறது மாதிரியான காரணம் இருந்தால் ஒரே ஒரு முறை இன்னும் 30 நாள் வரை நீட்டிக்கலாம், அதையும் உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பதிலே இல்லாமல் நாள் கடந்தால் மறுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. கேட்கும்போது வெறுப்பாக இருக்கும், ஆனால் இது உங்களுக்குச் சாதகமான ஏற்பாடு, மௌனத்துக்காகக் காத்துக் கிடக்காமல் 31-ஆம் நாளே மேல்முறையீட்டுக்குப் போகலாம். எங்களுக்கு முதல் முறை மௌனம்தான் கிடைத்தது. "கொஞ்சம் பார்க்கலாம், கொஞ்சம் பார்க்கலாம்" என்று தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவர்கள் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

மேல்முறையீடு எப்படி?

நகராட்சி மறுத்தால் முதலில் உள் மேல்முறையீடு, படிவம் 4. மறுப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும். தீர்மானிப்பவர் மேயர், அல்லது நகர மன்றத்தின் சபாநாயகர், அல்லது மன்றம் எழுத்தில் நியமித்த வேறொருவர். அவர்களுக்கும் 30 நாள்தான். எங்கள் மூன்று பக்கமும் இந்தக் கட்டத்தில்தான் வந்தது, மேல்முறையீடு போட்ட பன்னிரண்டாவது நாள்.

அதுவும் பலிக்காவிட்டால் 180 நாளுக்குள் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தில் படிவம் 5-இல் புகார் செய்யலாம், அல்லது அதே 180 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். ஆணையத்துக்குப் பையா வேலை வந்தது 2021 ஜூன் கடைசியில்தான், அதற்கு முன் மனித உரிமை ஆணையம் பார்த்தது, ஆனால் அவர்களுக்கு உத்தரவு போடும் பலம் இல்லை. ஒழுங்குமுறை ஆணையம் அமலாக்க அறிவிப்பே பிறப்பிக்கலாம். வக்கீலுக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

நீதிமன்றத்துக்கு 180 நாள் கிடைத்ததற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. முதலில் சட்டம் தந்தது வெறும் 30 நாள். புரூமர் என்ற பத்திரிகையாளர் சமூக மேம்பாட்டு அமைச்சருக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், சாதாரண மனிதன் முப்பது நாளில் வக்கீல் பிடித்து வழக்குப் போட முடியாது என்று ஏற்று, 2009-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் கெடுவை ரத்து செய்தது.

"கோப்பு காணவில்லை" என்கிறார்களே?

வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால், எங்கெங்கே தேடினார்கள், யார் யாரைக் கேட்டார்கள் என்று எல்லா விவரத்தோடும் தகவல் அலுவலர் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், 23-ஆம் பிரிவு. நம் ஆட்கள் ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் போலீஸ் நிலையத்தில் வரிசையில் நின்று அஃபிடவிட் போட்டுப் பழகியவர்கள். அதே அஃபிடவிட்டை இப்போது அவர்களிடம் கேட்கிறோம். இதை எழுத்தில் கேட்டதும் காணாமல்போன கோப்பு கிடைத்துவிட்டது என்று என்னிடம் சொன்னவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள்.

விண்ணப்பம் வந்த பிறகு அந்தத் தாளைப் பாதுகாக்க வேண்டியது அலுவலரின் பொறுப்பு. உரிமையை மறுக்கும் நோக்கத்தோடு ஆவணத்தை அழித்தாலோ, திருத்தினாலோ, மறைத்தாலோ இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

"போப்பியா சட்டம் இருக்கிறது, தர முடியாது" என்கிறார்கள். உண்மையா?

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் போப்பியா (POPIA) என்கிறார்கள், 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பக்கத்து வீட்டுக்காரரின் அடையாள எண்ணையோ மருத்துவ விவரத்தையோ உங்களுக்குத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் இந்தச் சொல்லை இப்போது எல்லாக் கதவுக்கும் பூட்டாகப் பயன்படுத்துகிறார்கள். பையாவின் 34-ஆம் பிரிவிலேயே விலக்குகள் இருக்கின்றன: அரசு ஊழியரின் பதவி, சம்பள விகிதம், பொறுப்புகள், அவர் வேலை நிமித்தமாகத் தயாரித்த தாளில் இருக்கும் பெயர் இவையெல்லாம் அந்தப் பாதுகாப்புக்குள் வராது. மீதிக்கு 28-ஆம் பிரிவு. மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைத் தர வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு தொலைபேசி எண் இருக்கிறது என்பதற்காக நாற்பது பக்கத்தைப் பூட்டி வைக்க முடியாது.

டெண்டர் யாருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவுக்கு என்று கேட்கலாமா?

கேட்கலாம். "வணிக ரகசியம்" என்பதுதான் வழக்கமான மறுப்பு. 2005-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசின் போக்குவரத்து நிறுவனமான டிரான்ஸ்நெட் தொடர்பான வழக்கில், டெண்டர் கொடுத்து முடிந்த பிறகு வென்றவரின் விலையை ரகசிய ஒப்பந்தம் காட்டி மறைக்க முடியாது, பொதுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் இந்த வழக்கின் பெயரை எழுதுங்கள். ஒப்பந்தக்காரரின் தொழில்நுட்ப ரகசியம் உண்மையிலேயே இருந்தால் அந்த வரிகளை மறைக்கட்டும்.

வெள்ளம் வந்து போய்விட்டது. வடிகாலைப் பற்றி இப்போது கேட்டு என்ன?

2022 ஏப்ரலில் குவாசூலு-நடாலில் வந்த வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண் சரிந்த மேடுகளும் அடித்துப்போன மதில்களும் நம் கண்ணை விட்டுப் போகவில்லை. டர்பனின் வீடுகளில் பாதி மேட்டிலும் பாதி பள்ளத்திலும்தான் இருக்கின்றன, மேலே அடைபட்ட ஒரு மழைநீர்க் கால்வாய் கீழே இருப்பவர் அடுக்களைக்குள் இறங்கும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்வாயைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள்? அந்த வேலைக்கு ஒரு உத்தரவு எண் இருக்கும், தேதி இருக்கும், யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அதைக் கேளுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஆகஸ்டிலேயே கேளுங்கள்.

பொதுமக்கள் பாதுகாப்புக்கு உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதை ஆவணம் காட்டும் என்றால், அந்த நன்மை தீங்கைத் தெளிவாக மிஞ்சும் என்றால், மற்ற மறுப்புக் காரணங்கள் இருந்தாலும் தந்தே ஆக வேண்டும் என்கிறது 46-ஆம் பிரிவு. அடைபட்ட கால்வாயும் விரிசல் விட்ட தடுப்புச் சுவரும் அதற்குப் பொருந்தும் என்றுதான் நான் வாதிடுவேன். தனியாக ஒரு வீடு கேட்பதைவிடத் தெருவில் பத்து வீடு தனித்தனியாகக் கேட்பது நல்லது.

ஆலையிடமோ கம்பெனியிடமோ கேட்க முடியுமா?

முடியும், ஆனால் அங்கே எந்த உரிமைக்காக அந்த ஆவணம் தேவை என்று காட்ட வேண்டும். தெற்கு டர்பனில் உள்ள மெரபேங்கில் வளர்ந்தவர்களுக்கு இது நேரடியான விஷயம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் போனவர்கள் அவர்கள். 2014-இல் வால் (Vaal) ஆற்றுப் பகுதிச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று ஆர்செலர்மிட்டல் இரும்பாலையிடம் சுற்றுச்சூழல் ஆவணங்களைக் கேட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வென்றது. தீங்கற்ற சூழலில் வாழும் உரிமை அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவில் இருக்கிறது, அதைத்தான் படிவத்தில் எழுத வேண்டும்.

தாத்தா காலத்துத் தாள்கள் எங்கே கிடைக்கும்?

இதைக் கேட்காத பெரியவரே இல்லை. வீட்டுப் பத்திரம் என்றால் நகராட்சியிடம் போக வேண்டாம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் பத்திரப் பதிவகத்தில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சாட்ஸ்வர்த்தில் பல வீடுகள் முதலில் நகராட்சியின் வாடகை வீடுகள், பிறகுதான் குடியிருந்தவர்களுக்கு விற்கப்பட்டன. பத்திரம் மாறவே இல்லையென்றால் விற்பனை ஒப்பந்தமும் தவணை கட்டிய கணக்கும் நகராட்சியின் வீட்டுவசதிக் கோப்பில் இருக்க வேண்டும், அதைப் பையாவில் கேளுங்கள். இறந்தவர் பெயரில் இருந்தாலும் நெருங்கிய உறவினருக்கு வழி உண்டு, இறப்புச் சான்றிதழும் உறவைக் காட்டும் தாளும் இணையுங்கள்.

இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்களின் தாள்கள், அதற்கும் முந்தைய கப்பல் பட்டியல்கள் எல்லாம் ஆவணக் காப்பகத்து விஷயம். 20 ஆண்டைத் தாண்டிக் காப்பகத்துக்கு வந்த பொது ஆவணங்களை மக்கள் பார்க்கலாம் என்பது தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின் பொது விதி, படிவம் 2 எல்லாம் வேண்டாம். 1860 நவம்பர் 16-இல் மெட்ராஸிலிருந்து டுரூரோ கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அவர்களின் பட்டியல் டர்பன் காப்பகத்தில் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் இருந்த தழும்புவரை எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் நம் ஊர் என்று பிடிபடும்.

கேட்டால் பழிவாங்குவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் நம் பெரியவர்களிடம் ஆழமாக இருக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு, அலுவலகம் என்றால் ஆளைக் கிளப்பும் இடம் என்று பார்த்து வளர்ந்த தலைமுறை. ஆயாவும் கையெழுத்துப் போடும் முன் "வீட்டைப் புடுங்கிட மாட்டாங்களே?" என்று இரண்டு முறை கேட்டார். பிடுங்க முடியாது. பில்லில் ஒரு குறிப்பிட்ட தொகையை மறுத்து எழுத்தில் முறையீடு கொடுத்துவிட்டால், 2000-ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புச் சட்டத்தின் 102-ஆம் பிரிவின்படி அந்தத் தொகைக்காகக் கடன் வசூல் நடவடிக்கை எடுக்க இடமில்லை. மறுக்காத தொகையை மட்டும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வாருங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் கைக்கு வந்தாயிற்று. அப்புறம்?

அதை இணைத்து முறையீடு எழுதுங்கள். அதே நகராட்சி அமைப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, சரிபார்க்கக்கூடிய அளவீட்டின்படி, எப்படிக் கணக்கிட்டார்கள் என்று காட்டும் பில்லை நகராட்சி தர வேண்டும் என்கிறது. நாங்கள் மூன்று பக்கத்தையும், மீட்டரின் கறுப்பு எண்ணும் சிவப்பு எண்ணும் தெரிய எடுத்த படத்தையும், ஆயாவின் டப்பாவிலிருந்து எடுத்த பழைய பில்கள் ஐந்தையும் சேர்த்துக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து வந்த பில்லில் கூடுதல் தொகை கழிக்கப்பட்டிருந்தது. ஆயா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அந்த மூன்று பக்கத்தையும் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, டப்பாவிலேயே வைத்துவிட்டார்.